லிஃப்ட் கிட்: விலையும் மதிப்பும்

திருப்பூரிலிருந்து உடுமலை தாண்டித் திருமூர்த்தி மலை அடிவாரக் கல்பாதைகளில் ஓட்ட விரும்பித் தார், ஜிம்னி போன்ற வண்டிகளை வாங்குவோர் பலர் முதலில் விசாரிப்பது, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பை மாற்றி வண்டியின் உடலை ஓரிரு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டையே. இவற்றுள் மலிவானது, ஸ்பிரிங்கோடு சேர்த்துச் செருகப்படும் ஸ்பேசர் என்னும் தடித்த வளையம். அது உயரத்தைத் தருமே ஒழிய, ஷாக்கின் நீளத்தை மாற்றாததால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுநீளமும் இழுபட்டு இடிக்கும். நீளமான ஷாக்கும் பொருத்தமான ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு விலை கூடினாலும் பயன் தருவது அதுவே.

தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்குவதால், அளவு மீறி உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்பு சாய்ந்து விரைவில் தேயும். பின்அச்சின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியோ எந்தக் கிட்டாலும் கூடாது, பெரிய டயரால்தான் கூடும். விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதால், காப்பீட்டுச் சிக்கலையும் விலையோடு கூட்டியே பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மலையேறும் வண்டிக்கு, அனுமதிக்கப்பட்ட அளவில் பிடிப்புள்ள நல்ல டயரே போதும்.