கோப்பில் இல்லாத கேள்வி

கல்யாணமாகி ஒரு வருடம் போனால் போதும், "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற விசாரிப்பு தொடங்கிவிடும். கொலன்னாவையிலிருந்து பொரளை காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ தனியார் கிளினிக்குக்கோ தம்பதியர் கோப்புடன் கிளம்புகிறார்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், விந்துப் பரிசோதனை எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். உறவு நடக்கிறதா, நடக்கும்போது வலிக்கிறதா என்ற கேள்விக்கான பதில் மட்டும் பல வேளைகளில் இருக்காது.

12 மாதங்கள் கருத்தடை இன்றி ஒழுங்காக உறவு கொண்டும் கரு தங்காவிட்டால்தான் அது கருவளக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலியால் உறவே நடக்காத தம்பதியருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவர்களுடைய கருப்பையிலும் விந்திலும் ஒரு குறையும் இல்லாதிருக்கலாம்.

இப்படி உறவைத் தடுக்கும் வலிக்கு ஒரு முக்கிய காரணம் வஜைனிஸ்மஸ். யோனி வாயிலைச் சுற்றியுள்ள தசைகள் பெண்ணின் விருப்பத்தை மீறித் தாமாக இறுகிவிடும். வலி வரும் என்ற பயம் தசையை இறுக்குகிறது. இறுகிய தசை வலிக்கிறது. அந்த வலி அடுத்த முறைக்கான பயத்தை வளர்க்கிறது. கணவன் மீது வெறுப்பு, அடம், வேறு மனசு என்று வீட்டார் சொல்வதெல்லாம் பெரும் அநியாயம். கண்ணுக்கு நேரே கை வீசினால் இமை மூடுவதை யாராவது பிடிவாதம் என்பார்களா?

எல்லா வலியும் இதுவல்ல. தொற்று, வறட்சி, பிரசவத் தையல் தழும்பு ஆகியவற்றாலும் வலிக்கும். உள்ளே ஆழமாக வலித்து, மாதவிடாயும் தாங்க முடியாததாக இருந்தால் எண்டோமெட்ரியோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதமானோருக்கு இருக்கும் இந்த நோய், வலியையும் தரலாம், கருத்தரிப்பையும் கெடுக்கலாம். ஆகவே "போகப் போகச் சரியாகும்" என்று மூத்தவர்கள் சொல்வதை நம்பி வருடங்களைக் கழிக்கக் கூடாது.

வஜைனிஸ்மஸுக்கு நல்ல சிகிச்சை உண்டு. உடலைப் பற்றிய சரியான விளக்கம், இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, யோனிக்குள் சிறிதிலிருந்து பெரிதாகப் படிப்படியாகப் பயன்படுத்தும் டைலேட்டர் கருவிகள், மன ஆலோசனை ஆகியவை சேர்ந்து நடக்கும். வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவள் அந்தப் பெண்தான். பயிற்சிக் காலத்தில் உறவுக்கு முயலாதிருப்பதே கணவன் செய்யக்கூடிய பெரிய உதவி. பலவந்தம் தசையை இன்னும் இறுக்கும்.

விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முறையில் கர்ப்பம் தரிக்கலாமே என்று கேட்பார்கள். தரிக்கலாம், பெண்ணின் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் வலிக்கான சிகிச்சையையும் இதையும் சேர்த்துச் செய்வதே புத்தி. ஆனால் வலியை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் தேடினால், கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் செய்யும் உட்பரிசோதனைகள் அந்தப் பெண்ணுக்குக் கொடுமையாகிவிடும். குழந்தை வேண்டாம் என்றிருப்பவளுக்கும் வலியில்லாமல் வாழ உரிமை இருக்கிறது.

வலியை வைத்தியரிடம் சொல்வதற்கு இன்னொரு தடை மொழி. சிங்களத்தில் தடுமாறும் பெண், மாமியாரையோ கணவனையோ மொழிபெயர்க்க வைத்து இதைச் சொல்ல மாட்டாள். கிளினிக்கில் அவளைத் தனியாக, அவளுடைய மொழியில் கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.

வலியோடு இருக்கும் சகோதரிகளே, உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ, குடும்பத் திட்டச் சங்கத்திலோ, "உறவின்போது வலிக்கிறது" என்று சொல்லுங்கள். பெண் வைத்தியரைக் கேளுங்கள். பரிசோதனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம். யோனிவழி ஸ்கேன் முடியாவிட்டால் முதலில் வயிற்றின் மேல் ஸ்கேன் செய்யலாமா என்று கேட்கலாம்.