திண்டிவனத்துக்குக் குடிவந்த அமெரிக்கர்கள்

1819-ம் ஆண்டு ஜூன் மாதம். இல்லினாய் தனி மாநிலமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நிலம் இல்லாதவர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களைத் துரத்திவிட்டுக் காடு திருத்திக் குடியேறினார்கள்.

நியூயார்க்கில் கைராசி டாக்டர் என்று பேர் வாங்கியிருந்த ஜான் ஸ்கடர் எதிர்த்திசையில் புறப்பட்டார். மனைவி ஹாரியட்டோடும் கைக்குழந்தையோடும் பாஸ்டனில் 'இண்டஸ்' கப்பல் ஏறினார். கல்கத்தாவில் குழந்தை இறந்தது. புதைத்துவிட்டு யாழ்ப்பாணம் போனார்கள். பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள், 1836-ல் சென்னை. ஏழு மகன்கள் அதே மிஷன் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் மூவர் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். மதம் பரப்ப வந்தவர்கள்தான். மருந்து அதற்கு ஒரு வழி. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

கடைசி மகன் இரண்டாம் ஜானும் டாக்டர். அவர் திண்டிவனத்தில் இருந்தபோது, 1890-ல், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகள் ஐடா, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வந்தார். ராணிப்பேட்டையில் பிறந்தவர், தாது வருஷப் பஞ்சத்தைக் குழந்தைக் கண்ணால் பார்த்தவர். இந்த ஊரே வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடலாம் என்பதுதான் அவருடைய எண்ணம்.

ஒரே இரவில் மூன்று பேர் பங்களாக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆம்பளை டாக்டர் தொடக்கூடாது என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

இதைக் கடவுளின் அழைப்பு என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அந்த வீட்டில் டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, வர அவர் தயாராகவும் இருந்தார். மூன்று பேரைக் கொன்றது வழக்கம். சாதி, மதம் எல்லாவற்றிலும் வேறுபட்ட மூன்று வீடுகள் அந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின!

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே வேலூர் வந்தார். அதே ஆண்டில் தந்தை இறந்துபோனார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால், ஒரு பெண் டாக்டர் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து நோயாளிகள் பஸ் ஏறிப் போகும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. அதுதான். வேலூரின் பெருமையாகவே அதைப் பேசுகிறோம். அதற்கு வித்து விழுந்தது திண்டிவனத்தில்.

அந்தக் கல்லூரியில் ஆண்கள் சேர்க்கப்பட்டது 1947-ல்தான்.