பாட்டு பறந்தது, பணம் எங்கே?

செட்டிகுளத்து வயலிலே சின்ன வெங்காயம் விளைகிறது. விதைத்தவன் உழவன், வியர்வை சிந்தியவன் உழவன். விலை சொல்பவன் யார்? வியாபாரி! இந்தக் கதை வெங்காயத்தோடு முடிந்ததா? இல்லை. பாட்டுக்கும் இதே கதிதான்!

அரக்கோணத்து இளைஞர் அறிவு. 2019-இல் 'தெருக்குரல்' தந்தவர். 2021 மார்ச்சிலே 'என்ஜாய் எஞ்சாமி' இணையத்தில் வந்தது. அறிவு எழுதினார்; பாடகி தீயுடன் சேர்ந்து பாடினார். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்த பாட்டியின் நினைவு, நிலமற்ற மூதாதையரின் பெருமூச்சு – இவையே பாட்டின் கரு. ஒப்பாரியும் மின்னணுத் தாளமும் கைகோத்தன. திரைப்படம் இல்லை, கதாநாயகன் இல்லை. ஆயினும் யூடியூபிலே 40 கோடித் தடவைக்கு மேல் ஒலித்தது!

புகழ் வந்தது. பொருள் வந்ததா? மூவருக்கும் அதுவரை ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சிலே சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனமோ மறுத்தது. யார் சொல் மெய் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: கோடிக் காதுகள் கேட்ட பாட்டின் வரவு செலவுக் கணக்கு, பாடியவன் கண்ணுக்குத் தெரியவேண்டாமா?

இணையம் வாசலைத் திறந்தது, உண்மை. கல்லாப் பெட்டியின் சாவி இன்னும் வேறு கையிலே! செட்டிகுளத்திலே கைப்பேசியில் பாடிப் பதிவிடும் இளைஞனே, பாடு! ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படி. உழவனுக்கு விலையும் கலைஞனுக்குப் பங்கும் பிச்சையல்ல, உரிமை!