ஒரே நாளில் இரண்டு முறை

நாகர்கோவில் வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் மூன்று கேள்விகளை நெருக்கி எழுதி அனுப்பியிருக்கிறார். ஜாஸ் கச்சேரியில் நடுவே ஒருவர் முன்னால் வந்து தனியாக ஊதுகிறாரே, அது எழுதிவைத்து ஊதுவதா, வாய்க்கு வந்ததா? வாய்க்கு வந்தது என்றால் அதில் ரசிக்க என்ன இருக்கிறது? சாக்ஸபோன் கற்க ஆசைப்படும் தன் மகன் எங்கே தொடங்க வேண்டும்?

இரண்டு வாரமாக அந்த அட்டை என் மேசையில் கிடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பதிவிலிருந்து பதிலைத் தொடங்குகிறேன்.

1947 அக்டோபர் 28. நியூயார்க்கில் டயல் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள். ஆல்டோ சாக்ஸபோன் சார்லி பார்க்கர், வயது 27. டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ், பியானோ டியூக் ஜோர்டன், பாஸ் டாமி பாட்டர், டிரம்ஸ் மேக்ஸ் ரோச். அன்று அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டுகளில் ஒன்று ‘எம்ப்ரேசபிள் யூ’. ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டமைத்து, 1930-இல் ‘கேர்ள் கிரேஸி’ என்ற பிராட்வே இசை நாடகத்தில் வந்த காதல் பாட்டு. அந்தப் பாட்டை அன்று இரண்டு முறை வாசித்துப் பதிந்தார்கள். இரண்டும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

முதல் டேக். பியானோ சிறிதாக ஒரு முன்னுரை சொல்கிறது. பார்க்கர் நுழைகிறார். ஊரறிந்த அந்த மெட்டு வரும் என்று காத்திருப்பவருக்கு ஏமாற்றம்தான். மெட்டு வரவில்லை. ஆறே சுரத்தில் ஒரு சின்ன வாக்கியம் வருகிறது. அதையே திரும்பச் சொல்கிறார், சற்றே இடம் மாற்றி. மறுபடியும், இன்னொரு அழுத்தத்தில். ஐந்து தடவை அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதன் முடிச்சை அவிழ்க்கிறார். அவிழ்ந்தது பந்தலில் ஏறும் அவரைக்கொடி மாதிரி கிளைவிட்டு ஓடுகிறது. ஓடினாலும், தொடங்கிய இடத்தை அது மறப்பதில்லை.

இரண்டாவது டேக். அதே ஐந்து பேர், அதே பாட்டு, அதே நாள். ஆனால் பார்க்கர் இந்தத் தடவை அந்த ஆறு சுர வாக்கியத்தின்மேல் கட்டடம் எழுப்பவில்லை. சற்று முன்தான் அவ்வளவு அழகான ஒன்றை ஊதி முடித்தவர், அதை அப்படியே இன்னொரு தரம் வாசித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வேறு வழியில் நடந்து வேறொரு சோலோவைச் செய்துவைத்தார். முதல் கேள்விக்கு இந்த இரண்டு டேக்குகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. எழுதிவைத்ததாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். வாய்க்கு வந்ததாக இருந்தால் ஒன்றாவது சிதறிப்போயிருக்கும்.

சிதறாமல் பிடித்துவைத்திருப்பது எது? பாட்டின் கார்ட் வரிசை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்துகளின் வரிசை. மெட்டைக் கழற்றி எடுத்தாலும் அதன் கீழே பியானோவும் பாஸும் வாசித்துவந்த கார்ட்கள் அதே ஒழுங்கில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பாட்டுக்கு அது 32 பார், அதாவது 32 தாளக் கட்டம், நீளம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இந்த முழுச் சுற்றைக் கோரஸ் என்கிறார்கள். நாம் கோஷ்டியாகப் பாடும் கோரஸ் வேறு.

நம் ஊரில் இதைச் சொன்னதும் ‘ஓ, கல்பனாஸ்வரம்!’ என்பார்கள். நெருங்கிய உறவுதான், ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கர்நாடக இசையில் தம்புரா நிலையாக நிற்கிறது. ராகம் மாறுவதில்லை. பாடுகிறவர் ஒரே நிலத்தில் உழுது உழுது ஆழம் போகிறார். ஜாஸில் காலடி நிலமே நகர்கிறது. இந்த பாரில் இனித்த சுரம் அடுத்த பாரில் கார்ட் மாறியதும் கரிக்கும்.

எனக்கு இது புரிந்தது ரயிலை நினைத்தபோதுதான். சின்ன வயதில் திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பாசஞ்சரில் போவோம். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோதான் வண்டி நிற்கும். கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியதுமே அம்மா, “பாலம் வந்துட்டு, எந்திரிங்க” என்பாள். அம்பாசமுத்திரம் வந்தபிறகு மூட்டையைத் தேடுகிறவன் அடுத்த ஊரில்தான் இறங்குவான். வண்டி நிற்கும்போது கையில் பையோடு கதவடியில் இருக்க வேண்டும். ஜாஸ் சோலோக்காரர் செய்வதும் அதேதான். இந்தக் கார்டில் இருக்கும்போதே அடுத்த கார்டின் சுரத்தை நோக்கி வரியை வளைத்துவிடுகிறார். கார்ட் மாறும் நொடியில் அவர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். கேட்கும் நமக்குக் காரணம் தெரியாமலே ‘ஆகா’ என்று தோன்றுகிற இடம் அது.

1945-இல் பார்க்கர் பதிந்த ‘கோ-கோ’வின் அடியில் இருப்பது ரே நோபிளின் ‘செரோக்கி’ என்ற பழைய பாட்டின் கார்ட் வரிசை. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 300 தட்டு வேகம். அந்தப் பாட்டின் நடுப்பகுதியில் ஸ்டேஷன்கள் அந்நிய ஊர்களாக அடுத்தடுத்து வரும். அந்த நடுப்பகுதியைப் பிரிட்ஜ், அதாவது பாலம் என்றே அழைக்கிறார்கள் என்று அறிந்த அன்று எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. 1959 மார்ச்சில் மைல்ஸ் டேவிஸ் ‘சோ வாட்’டில் எதிர்த்திசையில் போனார்: ஒரே சுர வரிசை 16 பார், அரைச் சுரம் ஏறி 8 பார், மீண்டும் பழைய இடத்தில் 8 பார். அதில் சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஜான் கோல்ட்ரேனும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் அவரே ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிந்தார். 16 பாருக்குள் 26 கார்ட் மாற்றம். அதில் பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் தேர்ந்த கலைஞர். அவரே தன் சோலோவில் தயங்கித் தயங்கி நிற்பது பதிவில் கேட்கிறது. பல ஆண்டுகள் கழித்து, 1982-இல், அவர் அந்தப் பாட்டை மறுபடி எடுத்து வாசித்துப் பதிந்தார். அந்த விடாப்பிடியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, ஊதும் அந்த நொடியில் சுரங்கள் எங்கிருந்து வருகின்றன? தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் பார்க்கரின் ஏறத்தாழ 250 சோலோக்களை எழுதியெடுத்து அலசி, 1974-இல் முனைவர் பட்ட ஆய்வாக வைத்தார். சுமார் நூறு சிறு தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடிவிடும். ‘அப்படியானால் எல்லாம் முன்பே செய்துவைத்ததுதானா?’

என் பெரிய அத்தை எங்கள் பக்கத்தில் பேர்போன ஒப்பாரிக்காரி. எந்தச் சாவு வீட்டிலும் அவள் வாயில் வரும் தொடர்கள் பல எனக்கு மனப்பாடம். ஆனாலும் வண்டிக்காரர் இறந்தபோது அவருடைய மாடுகள் வாசலைப் பார்த்து நிற்பது அதில் வந்தது. தையல்காரர் இறந்தபோது முடியாத சட்டை ஒன்று வந்தது. அன்று, அந்தச் சவத்தின் முன்னால்தான் அவை பிறந்தன. பழைய தொடர்கள் அவளுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தன. அந்த இடைவெளியில் புதியது வந்து உட்கார்ந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன். “யாருலே சொல்லிக் குடுப்பா? நாலு எழவு வீட்ல போயி ஒக்காரு, தன்னால வந்துரும்” என்றாள்.

நாகர்கோவில் வாசகரின் மூன்றாவது கேள்விக்கும் அத்தையின் பதில்தான் என் பதில். பார்க்கர் கான்சஸ் சிட்டியில் பதினாறு வயதுப் பையனாக ஒரு மேடையில் ஏறி வழிதவறினான். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவன் காலடியில் எறிந்து இறங்கச் சொன்னதாக அந்தக் கதையைச் சொல்வார்கள். அடுத்த கோடையில், 1937-இல், ஓசார்க் மலைப்பகுதியில் வாசிக்கப் போன பார்க்கர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோய், அந்த சோலோக்களைச் சுரம் சுரமாகக் காதால் பிடித்தான். மூன்று நான்கு ஆண்டுகள் நாளுக்கு 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். போதைதான் அவரை மேதையாக்கியது என்று இன்னும் சிலர் கண்கள் மின்னச் சொல்கிறார்கள். அந்தப் பொய்யை நம்பிக் கெட்ட இளைஞர்கள் அவர் காலத்திலேயே உண்டு. போதை அவருக்குக் கொடுத்தது 34 வயதில் சாவு. கலையைக் கொடுத்தது அந்த 15 மணி நேரம்.

லென்னி டிரிஸ்டானோ என்ற பார்வையற்ற பியானோ கலைஞர் நியூயார்க்கில் மாணவர்களுக்குக் கற்பித்த விதம் எனக்கு மிகவும் உவப்பானது. வாத்தியத்தைத் தொடாதே என்பார். லூயி ஆர்ம்ஸ்ட்ராங், லெஸ்டர் யங், பார்க்கர் இவர்களில் ஒருவரின் சோலோவை முதலில் வாயால் பாடு. எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே தட்டுக்குச் சற்றுப் பிந்துகிறார், அதுவும் சேர்த்துப் பாடு. பிறகு வாத்தியம். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, இன்று ஜாஸ் உலகில் பெரிதும் மதிக்கப்படும் விஜய் ஐயர் சிறுவயதில் முறையாகப் படித்தது வயலின். பியானோவைப் பெரும்பாலும் காதால் தானே கற்றவர்.

நம் பிள்ளைகளை இங்கே நினைக்கிறேன். கிரேடு கிரேடாகத் தேர்வு எழுதிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய பெண் ஒருத்தியிடம், அவளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டின் ஒரு வரியைக் கீபோர்டில் வாசிக்கச் சொன்னேன். “நோட்ஸ் இல்லையே, மாமா” என்றாள். எட்டு வருஷம் கற்ற பெண். அவள் கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தோம், காதைப் பட்டினி போட்டோம். தப்பு அவளுடையதா? தினம் அரைமணி நேரம் காகிதத்தை மூடிவைத்து, கேட்டதைத் தேடி வாசி என்று சொல்ல ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் போதும்.

கேட்பதிலும் அதே வறுமைதான். சென்ற ஆண்டு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கரண்டிச் சத்தத்துக்கு அடியில் அந்த ஆறு சுர வாக்கியம் கேட்டது. நிமிர்ந்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்கும் அளவுக்குச் சத்தமும் வைக்கவில்லை. வாக்கியம் அவிழும் இடத்தில் பார்க்கரை அறுத்து, டோக்கன் எண் ஒன்றை அறிவித்தார்கள். நிறபேத அவமானங்களுக்கு நடுவே கறுப்பின மக்கள் மூச்சைப் பிடித்து வளர்த்த கலை அது. அதைச் சாம்பாருக்குப் பின்னணியாக ஓடவிடுவதைவிட அந்தக் கூடத்தை நிசப்தமாக வைக்கலாம்.

எனவே வாசகரே, ஒரு வேலை. முதலில் ‘எம்ப்ரேசபிள் யூ’வை பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் போன்ற ஒருவர் பாடிக் கேளுங்கள். குளிக்கும்போது தானாக வாயில் வரும்வரை நாலைந்து நாள் கேளுங்கள். அதற்குப் பின் ஒரு ராத்திரி, மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, பார்க்கரின் முதல் டேக்கைப் போடுங்கள். கெர்ஷ்வினின் மெட்டை நீங்கள் மனசுக்குள் பாடிக்கொண்டே வாருங்கள். அவர் அதன் பக்கத்தில் ஊதிக்கொண்டு வருவார். எங்கே சேர்கிறார், எங்கே விலகுகிறார் என்று பையனைக் கைகாட்டச் சொல்லுங்கள். இரண்டாவது டேக்கை அன்றே போட வேண்டாம். மறுநாள் ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கர் முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து டிரம்பெட் வரும், மெதுவாக, இடைவெளி விட்டு. மைல்ஸ் டேவிஸுக்கு அப்போது வயது 21.