கிளட்ச் தட்டைப் பொருத்தும் கலை

உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர் மகிழுந்து, குடியாத்தம் போன்ற ஊர்களிலும் வாடகை வண்டியாக நெடுங்காலம் ஓடியது. அதன் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் உராய்வினால் இணைப்பது கிளட்ச் தட்டு. மிதியை அழுத்தினால் இணைப்பு விலகும். விடுத்தால் மீண்டும் பற்றும்.

தொடக்கக் கால மகிழுந்துகள் பலவற்றில், கூம்புச் சக்கரத்தின்மேல் போர்த்திய தோலே இவ்வுராய்வைத் தந்தது. வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழிலாளர் நன்கறிந்த பண்பே அங்கும் நிலவியது: தோல் காய்ந்தால் விறைத்துத் திடுமெனப் பற்றும், எண்ணெய் மிகுந்தால் வழுக்கும்.

பிற்காலத் தட்டிலும் எண்ணெய் படலாகாது. ஆகவே, புதிய தட்டைப் பொருத்துமுன் ஃபிளைவீல் எனப்படும் சுழல்சக்கரத்தின் முகத்தைத் துடைத்துத் தூய்மையாக்குவர். தட்டின் நடுத்துளை சக்கரத்தின் மையத்தோடு நேர்ப்பட, வழிகாட்டுத் தண்டு ஒன்றைச் செருகுவர். பின்னர், அழுத்துதட்டின் திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குவர். ஒருபக்கம் மட்டும் முடுக்கினால் அழுத்துதட்டு கோணிவிடும்.

மையம் விலகினால் கியர் பெட்டியின் தண்டு உட்புகாது. அந்நிலையில் பெட்டியின் எடை முழுவதையும் தட்டின்மீது தொங்கவிட்டால் தட்டு வளையும். வளைந்த தட்டு முற்றிலும் விலகாது. கியர் மாற்றும்போது பற்கள் உரசித் தேயும். எனவே, வலிந்து தள்ளாது மையத்தை மீண்டும் சரிபார்ப்பதே தேர்ந்த கைவினைஞரின் வழக்கம்.