ஐ.டி.ஐ. உதவித்தொகை வரவில்லையா? முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள்

சேர்க்கைக் காலம் வந்தால் இதே கதைதான். தரகர் பேச்சை நம்பி, வட்டிக்கு வாங்கி, ஏதோ ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணமே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. முதலில் அங்கே இடம் கேளுங்கள்.

தனியாரில்தான் சேர வேண்டுமென்றால், நீங்கள் படிக்கப்போகும் தொழிற்பிரிவுக்கு என்.சி.வி.டி. (தேசிய தொழிற்பயிற்சிக் குழுமம்) அல்லது எஸ்.சி.வி.டி. (மாநில தொழிற்பயிற்சிக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். நிலையத்தின் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்துச் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இன்றே பதியுங்கள். கடைசி நாளில் ஓடிப் பயனில்லை.

விண்ணப்பித்த பிறகு உதவித்தொகை பெரும்பாலும் சிக்குவது வங்கியில். "ஆதார் நகல் கொடுத்துவிட்டேனே" என்பார்கள். நகல் கொடுத்தது போதாது, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு இணைக்கும் என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான் அப்படி இணைந்திருக்கும். அது மறந்துபோன பழைய கணக்காக இருந்தால், பணம் அங்கேதான் போகும். மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். அங்கே உங்கள் வங்கியின் பெயரில்லை என்றால் கிளைக்குப் போய், மானியம் பெறும் கணக்காக உங்கள் கணக்கை இணைக்கும்படி எழுதிக்கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

அதன்பிறகும் வரவில்லையா? "மேலிடத்திலிருந்து வரவில்லை" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மாணவர் படிப்பை விடும்வரை கோப்பை நகர்த்தாத அலுவலர்களுக்கு வாய்மொழிக் கோரிக்கை உறைக்காது. விண்ணப்ப எண்ணோடு பயிற்சி நிலைய முதல்வருக்கு மனு கொடுங்கள். அடுத்து மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம், திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டம். அதற்கும் அசையாவிட்டால், விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்; 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: ஒப்புகை இல்லாமல் எந்த மனுவும் கொடுக்காதீர்கள். மேப்பிங் பார்க்காமல் பணத்துக்குக் காத்திருக்காதீர்கள்.