வீடு வரை ஒளியியல் நார்: உபகரணத்தைத் தெரிவு செய்தல்

ஒளியியல் நாரினுள் ஒளி முழுவுட்டெறிப்படைந்து செல்வதை நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். அந்த நாரைக் கொண்டு வீடுகளுக்கு இணைய வசதி வழங்க விரும்பும் ஒரு சேவை வழங்குநர் எந்த உபகரணத்தை வாங்க வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

நிலையத்தில் வைக்கப்படும் உபகரணம் ஓ.எல்.ரி. எனவும் வீட்டில் பொருத்தப்படுவது ஓ.என்.யு. எனவும் அழைக்கப்படும். இடையே வீதியோரத்தில் ஒரு பிரிப்பான் உள்ளது. இது ஒரு நாரில் வரும் ஒளியை 32 அல்லது 64 நார்களுக்குப் பகிர்கின்றது. இதற்கு மின் தேவையில்லை. செலவு குறைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பரவலாகப் பயன்படும் நியமம் ஜீ-பொன் ஆகும். இதன் வேகம் வீட்டை நோக்கிச் செக்கனுக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிற்று, வீட்டிலிருந்து 1.25 கிகாபிற்று. 2016 இல் வெளியான எக்ஸ்.ஜீ.எஸ்-பொன் இரு திசைகளிலும் 10 கிகாபிற்று வரை தரும். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால் ஜீ-பொன்னில் வீடொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 78 மெகாபிற்று மட்டுமே.

இனி முக்கியமான கணக்கிற்கு வருவோம். விலைப் பட்டியலில் "ஒரு துறைக்கு 128 வீடுகள்" என்றிருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது. ஒளி போதுமா என்பதே கேள்வி. ஜீ-பொன்னில் பொதுவான பீ பிளஸ் வகுப்பு 28 டெசிபெல் வரையான இழப்பைத் தாங்கும். மிகத் தூரத்து வீடு 18 கிலோமீற்றரில் உள்ளது எனக் கொள்வோம்.

நாரில் இழப்பு: 18 × 0.35 = 6.3 டெசிபெல்
இணைப்புகளில் இழப்பு: 2 டெசிபெல்
1:32 பிரிப்பானில் இழப்பு: 17 டெசிபெல்
மொத்தம்: 25.3 டெசிபெல்

இது 28 இலும் குறைவு, எனவே பொருத்தமானது. எஞ்சும் 2.7 டெசிபெல் வீணன்று. நார் அறுந்து மீண்டும் ஒட்டப்படும் ஒவ்வொரு முறையும் இழப்புச் சிறிது கூடும். 1:64 பிரிப்பானில் இழப்பு 20.5 ஆகையால் மொத்தம் 28.8 ஆகி எல்லையை மீறும். வீடுகளை இரு மடங்காக்குவது 10 கிலோமீற்றர் நாரைக் கூட்டுவதற்குச் சமம் என்பதைக் கவனிக்க.

இரு நிறுவனங்களின் ஓ.எல்.ரி.யும் ஓ.என்.யு.வும் ஒரே நியமத்தைச் சார்ந்தவையாயினும் எல்லா வசதிகளிலும் இணைந்து இயங்கும் என்பதில்லை. ஆகவே மாதிரிகளைப் பரிசோதித்த பின்னரே வாங்குதல் வேண்டும். ஜீ-பொன் வீட்டை நோக்கி 1490 நனோமீற்றர் அலைநீளத்தையும் எக்ஸ்.ஜீ.எஸ்-பொன் 1577 நனோமீற்றரையும் பயன்படுத்துவதால் இரண்டும் ஒரே நாரிற் செல்லலாம். பின்னர் வேகத்தைக் கூட்டும்போது நிலத்தடி நாரைத் தோண்டி மாற்ற வேண்டியதில்லை.

மின்வெட்டையும் மறத்தலாகாது. 2022 மார்ச்சில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது. பிரிப்பான் மின்னின்றி இயங்கும், ஓ.என்.யு. இயங்காது. அதனூடாக இணைக்கப்பட்ட தொலைபேசியும் செயலிழக்கும். எனவே குறைந்த மின்னில் இயங்கும், மின்கலம் இணைக்கக்கூடிய ஓ.என்.யு.வே எமது நாட்டுக்கு உகந்தது; விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

பயிற்சி: மேற்படி உதாரணத்தில் மிகத் தூரத்து வீடு 8 கிலோமீற்றரில் இருப்பின் 1:64 பிரிப்பானைப் பயன்படுத்தலாமா? கணித்துக் காட்டுக. (விடை: ஆம், மொத்த இழப்பு 25.3 டெசிபெல்)